கைமீறியவற்றை விடுதலும் உடல்நலமும்

கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநில வடபகுதித் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழரின் பிழைப்பைத் தீர்மானித்த பெரிய முடிவுகள் பெரும்பாலும் அவர்களைக் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல. இரப்பர் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்கியது, பால்மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டன, தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. அப்பகுதியிலுள்ள புக்கிட் பெருந்துங் நகரின் வளர்ச்சியை 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி முடக்கியபோது, அங்குக் கட்டப்பட்ட வீடுகள் பல நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. இத்தகைய மாற்றங்களுக்கு நடுவே வாழ்வோருக்கு மன அமைதி, உறக்கத்தையும் இரத்தக் கொதிப்பையும் நேரே தொடுகின்ற உடல்நலச் செய்தியாகும்.

கவலை உடலுக்குள் செய்வது

அச்சம் தோன்றியவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர்களைச் சுரக்க, இதயத் துடிப்பு விரைவடைகிறது, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஓடித் தப்புவதற்கு இது உதவும். ஆனால் வட்டி விகிதத்தையோ தோட்ட விற்பனையையோ எண்ணி மனம் இரவெல்லாம் அசைபோடும்போது, ஓடவும் இடமின்றி முடிவும் தெரியாமல் அதே விழிப்புநிலை நீடிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் இருந்தது. உணவு, உடல் எடை, மரபு ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள் எனினும், தீராத கவலை சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது.

கையில் உள்ளதும் இல்லாததும்

விடியற்காலை மழையில் இரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால், பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும் என்பதால் அன்று பாலெடுக்க மரத்தை வெட்டுவதில்லை. கூலி போன வருத்தம் மெய்யானது. மழையைத் திட்டிக்கொண்டே பகலைக் கழிப்பவருக்கு அவ்வருத்தத்தோடு தலைவலியும் சேர்கிறது, கத்தியைத் தீட்டி வைப்பவருக்கோ மறுநாளைய வேலை எளிதாகிறது. ஸ்டீவன் ஹேய்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1980களில் உருவாக்கத் தொடங்கிய ‘ஏற்பும் உறுதியும்’ சார்ந்த சிகிச்சைமுறை இதையே நெறிப்படுத்துகிறது: ஏற்பு என்பது நடந்ததை விரும்புவது ஆகாது, நடந்ததோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தி, தாம் மதிக்கும் செயலில் இறங்குவதே ஆகும். கவலைகளைத் தாளில் எழுதி, அவற்றுள் தம்மால் இன்று ஒரு படியேனும் நகர்த்தக்கூடியவற்றைப் பிரித்தெடுப்பதும், கவலைப்படுவதற்கென்றே மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பிற நேரங்களில் எழும் எண்ணங்களை அதற்குத் தள்ளிவைப்பதும், மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுவதும் பழகத்தக்கவை.

உரிமையைக் கைவிடச் சொல்வது மருத்துவம் ஆகாது

1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அதனைத் தொழிலாளர்களால் தடுக்க இயலவில்லை. எனினும் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார்கள். வட சிலாங்கூரின் புக்கிட் தாகார், சுங்கை திங்கி உள்ளிட்ட தோட்டங்களின் குடும்பங்கள், நிலம் கைமாறிய பின்பும் மாற்று வீடுகளுக்காகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தன. அவர்களைப் போன்றோரிடம் விதியென்று பேசாமலிருக்கச் சொல்லும் அறிவுரை, அமைதியின் பெயரால் இழைக்கப்படும் அநீதி. மனு எழுதுவதும் கூட்டத்திற்குச் செல்வதும் அவர்கள் கையில் உள்ளவை. அதிகாரியின் மறுமொழி எந்நாள் வரும் என்பது மட்டுமே விடத்தக்கது.

உதவி நாட வேண்டிய நேரம்

எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, தம்மைத் தாமே வெறுத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அந்நிலையில் ‘விட்டுவிடு’ என்னும் சொல் பயன் தராது, சிகிச்சையே தேவை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினரிடம், அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேரிடம், இதனைக் கண்டது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இதற்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்னும் எண்ணிலும், பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை மருத்துவரிடம் சொல்வதற்குப் போலீசை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.