போலிப் போரும் மெய்ப் போரும்

மயிலாப்பூர், அடையாறு வாசிகளுக்கு வெகு தூரத்திலில்லாத பரங்கிமலையில், 1963-ஆம் வருஷம் முதல் நமது சேனைக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் கலாசாலை நடந்து வருகிறது. சேனாதிகாரிக்குத் துப்பாக்கிப் பழக்கத்தினும் அரியது, ஆபத்து வேளையில் தீர்மானம் செய்யும் பழக்கமேயாகும்.

இதற்கென 1824-ல் பிரஷ்யச் சேனை, வரைபடத்தின்மீது ஆடும் யுத்த விளையாட்டைக் கைக்கொண்டது. இப்பொழுதோ பகைவனுடைய அச்சம், பிடிவாதம், தந்திரம் முதலியவற்றையும் கணக்கிட்டுக் கம்ப்யூட்டரில் போலிப் போர் நடத்துகிறார்கள். 2022-ல் நமது ராணுவமும் ராஷ்டிரீய ரக்ஷா பல்கலைக்கழகமும் இத்தகைய நிலையமொன்றை டில்லியில் அமைக்க உடன்பட்டன.

இம்முயற்சியை வரவேற்கிறோம், ஆயினும் ஓர் எச்சரிக்கை. 1942 மே மாதத்தில், மிட்வே யுத்தத்திற்கு முன் ஜப்பானியர் நடத்திய போலிப் போரில், அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பெருஞ்சேதமென மத்தியஸ்தர் கணித்தார். கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான உகாகி அதைக் குறைத்துவிட்டார். ஜூன் மாதத்தில் நான்கு கப்பல்கள் மெய்யாகவே மூழ்கின.

எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தைத் தன் சௌகரியப்படி எழுதிக்கொள்பவன் வழக்கைத் தோற்பான். போவது கட்சிக்காரனின் பொருள். சேனாதிபதியின் பிழைக்கோ ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள் உயிரை விலையாகக் கொடுக்கிறார்கள். ஆகவே யந்திரம் எதுவாயினும், மத்தியஸ்தர் அதிகாரத்திற்கு அஞ்சாதவராயிருத்தல் வேண்டும்.