கைவழித் தோட்டா நிரப்பல்

கைவழித் தோட்டா நிரப்பல் என்பது, ஆலையில் செய்யப்பட்ட தோட்டாவை வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெற்று, சிறு கருவிகளின் துணையுடன் ஒருவர் தாமே தோட்டாவை ஒன்றுசேர்க்கும் முறை ஆகும். ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் பித்தளை உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது இதன் மிகப் பரவலான வடிவம். ஐக்கிய அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இன்றி இதனைச் செய்வது கடுங்குற்றம். இக்கட்டுரை சுழல் துப்பாக்கித் தோட்டாக்களை, அவற்றையே பயன்படுத்தும் குட்டையான நெம்புகோல் துப்பாக்கிகளுக்கு நிரப்புவது பற்றியது.

தோட்டாவின் அமைப்பு

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: உறை, பிரைமர் எனப்படும் எரியூட்டி, வெடிமருந்து, குண்டு. பேச்சுவழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்வதுண்டு; உண்மையில் குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. மருந்து எரிந்து தீர்கிறது, எரியூட்டி வெடித்துப் பயனற்றதாகிறது, உறை மட்டும் மிஞ்சுகிறது. சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆன இவ்வுறையே தோட்டாவின் விலை மிகுந்த பகுதி. வெடிப்பின்போது விரிந்து, பின் சற்றே சுருங்கும் தன்மை பித்தளைக்கு உண்டு. இத்தன்மையால்தான் மறுநிரப்பல் இயலுகிறது.

ஆனால் எல்லா உறைகளையும் மீண்டும் நிரப்ப இயலாது. 1860ஆம் ஆண்டின் ஹென்றி துப்பாக்கி, எரியூட்டும் பொருள் உறையின் விளிம்புக்குள்ளேயே வைக்கப்பட்ட தோட்டாவைச் சுட்டது. அத்தகைய உறை ஒருமுறைப் பயனுக்கு உரியது. எரியூட்டி நடுவில் தனிக்கிண்ணமாகப் பொருத்தப்பட்ட பின்னரே அதனை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது எளிதாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயரான பாக்சர் வடிவமைத்த எரியூட்டி அமெரிக்காவில் நிலைபெற்றது. அமெரிக்கரான பெர்டான் வடிவமைத்தது ஐரோப்பாவில் நிலைபெற்றது. பாக்சர் வகை உறையின் நடுவில் ஒரே துளை இருப்பதால், மெல்லிய ஊசி ஒன்றால் பழைய எரியூட்டியைத் தள்ளி வெளியேற்றலாம். அமெரிக்காவில் இப்பழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு துப்பாக்கிகளுக்கு ஒரே தோட்டா

வின்செஸ்டர் நிறுவனம் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட நெம்புகோல் துப்பாக்கி, .44-40 என்னும் தோட்டாவைப் பயன்படுத்தியது. இப்பெயரிலுள்ள 40 என்பது 40 கிரெயின் கருமருந்தைக் குறிக்கும் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்). 1878இல் கோல்ட் நிறுவனம் தனது சுழல் துப்பாக்கியையும் இதே தோட்டாவுக்கு ஏற்ப விற்கத் தொடங்கியது. இடுப்பில் ஒன்றும் சேணத்தில் ஒன்றுமாக இரண்டு துப்பாக்கிகள் வைத்திருந்தவர் ஒரே வகைத் தோட்டாவைச் சுமந்தால் போதும் என்றாயிற்று. கடைகள் தொலைவில் இருந்த நாட்டுப்புறங்களில் தோட்டாவை மீண்டும் நிரப்புவது சிக்கனம் மட்டுமன்று, தேவையுமாகும். துப்பாக்கி செய்த நிறுவனமே நிரப்பும் கருவிகளையும் விற்றது.

பின்னர் வந்த .357 மேக்னம் (1935), .44 மேக்னம் ஆகியவையும் சுழல் துப்பாக்கிக்கென உருவாகி, நெம்புகோல் துப்பாக்கிகளிலும் இடம்பெற்றன. நீண்ட குழலில் வளிமம் குண்டைக் கூடுதல் நேரம் தள்ளுவதாலும், சுழல் துப்பாக்கியில் உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி இங்கு இல்லாததாலும், அதே தோட்டா கூடுதல் வேகம் பெறுகிறது.

நிரப்பும் முறை

உறை முதலில் தூய்மை செய்யப்பட்டு, வெடிப்புகள் உள்ளனவா எனப் பார்க்கப்படும். பின் அச்சு ஒன்றினுள் அழுத்தி அதன் விட்டம் பழைய அளவுக்குக் கொண்டுவரப்படும். எரியூட்டி அகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்படும். உறையின் வாய் சற்று விரிக்கப்பட்டு, நிறுத்த மருந்து இடப்பட்டு, குண்டு அமர்த்தப்படும். இறுதியில் உறையின் விளிம்பு குண்டின் பள்ளத்துக்குள் மடிக்கப்படும்.

இந்தக் கடைசி மடிப்பு சிறு செயலாகத் தோன்றினும் முதன்மையானது. சுழல் துப்பாக்கியில் பின்னுதைப்பு ஏற்படும்போது உறை பின்னோக்கிச் செல்ல, நிலைமத்தால் குண்டு முன்னோக்கி நழுவப் பார்க்கும். நழுவினால் உருளை சுழலாது. நெம்புகோல் துப்பாக்கியிலோ தோட்டாக்கள் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சுருள்வில்லின் அழுத்தமும் உதைப்பும் சேர்ந்து குண்டை உறைக்குள்ளேயே தள்ளிவிடக் கூடும். அவ்வாறு உள்ளே இறங்கினால் மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் உயரும். இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் வரும் இரு குறைகளையும் ஒரே மடிப்பு தடுக்க வேண்டியுள்ளது.

குண்டின் முனையும் தட்டையாக இருத்தல் வேண்டும். குழாயில் ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டி மீது நிற்பதால், கூர்முனை ஊசிபோல் செயற்பட்டு அதனை வெடிக்கச் செய்யலாம். தோட்டாவின் மொத்த நீளமும் அளவு தவறக் கூடாது. தோட்டாவை மேலே தூக்கும் பகுதி குறிப்பிட்ட நீளத்துக்கே அமைந்தது.

இடர்கள்

கருமருந்து உறையை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஆகவே இருமுறை இட்டால் அது வழிந்து கண்ணுக்குத் தெரியும். புகையற்ற மருந்து ஆற்றல் மிக்கது. உறையின் ஒரு பகுதியே போதும். கவனம் சிதறி இருமுறை இட்டாலும் உறைக்குள் அடங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. துப்பாக்கி கையிலேயே சிதறிய நிகழ்வுகள் பலவற்றுக்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. மருந்தே இடாமல் விட்டுவிடுவதும் தீங்கற்றதன்று. எரியூட்டி மட்டும் குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதும். நீண்ட குழலில் இவ்வாறு குண்டு சிக்கும் வாய்ப்பு மிகுதி. குண்டு அமர்த்துமுன் ஒவ்வோர் உறையையும் நல்ல வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

துப்பாக்கியின் வலிமையும் கருதத்தக்கது. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதே விட்டமுடைய .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு. பின்னதன் உறை சுமார் 3 மி.மீ. நீளமாகச் செய்யப்பட்டிருப்பதால் பழைய .38 துப்பாக்கியில் நுழையாது. .44-40க்கு அத்தகைய காப்பு இல்லை. 1892ஆம் ஆண்டின் உறுதியான வின்செஸ்டருக்கெனச் செய்யப்பட்ட மிகுவேகத் தோட்டாக்கள் 1873இன் வலுக்குறைந்த துப்பாக்கியிலும் தடையின்றி நுழைந்தன. பெட்டியின் மேலிருந்த எச்சரிக்கை மட்டுமே காப்பாக இருந்தது. கையால் நிரப்பியவற்றுக்கு அப்பெட்டியும் இல்லை.

எரியூட்டிகளில் ஈயச் சேர்மம் இருப்பதால், சுட்ட உறைகளைத் தூய்மை செய்யும்போது எழும் தூசியும் நஞ்சாகும்.

இந்தியாவில்

வெடிமருந்தைச் சுடுபவரே அளந்து நிரப்பும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியாக மருந்தும் ஈயமும் ஒவ்வொரு முறையும் இடப்பட்டன. தமிழகத்தில் நரிக்குறவர்கள் வேட்டைக்கு இதனையே பயன்படுத்தினர். 1857 கிளர்ச்சிக்கு உடனடித் தூண்டுதலான என்ஃபீல்டு தோட்டாவும் மருந்தைக் காகிதத்தில் பொதிந்ததே. சிப்பாய்கள் அதனைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டியிருந்தது.

நீலகிரி மாவட்டத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் ஆலை, புகையற்ற மருந்தைச் செய்தது. கார்டைட் தூளன்று, நூலிழை போன்றது. .303 தோட்டாவில் உறையின் கழுத்தை ஒடுக்கும் முன்னரே அதன் கட்டு உள்ளே செருகப்பட்டது. வீட்டு மேசையில் அளந்து ஊற்றத்தக்க பொருளாக அது இருக்கவில்லை. 2021 முதல் இவ்வாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டா என்பதற்குத் தரும் வரையறையில் தோட்டாவின் உறுப்புகளையும் அதனைச் செய்யும் பொறிகளையும் சேர்த்துள்ளது. அதாவது, நிரப்பும் அழுத்தப்பொறி ஒன்றே, ஒரு கிரெயின் மருந்தும் இல்லாத நிலையிலும், சட்டத்தின் பார்வையில் தோட்டாதான். உரிமம் இன்றித் தயாரிப்போருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது ஏழாண்டு முதல் வாழ்நாள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டாவைச் செய்யும் உரிமம் ஆகாது.