இரண்டு மலை, ஒரு வாழை

திண்டுக்கல் பக்கம் போய் "எந்த மலைப்பழம் நல்ல பழம்?" என்று கேட்டுப் பாருங்கள், நேயர்களே. சிறுமலைக்காரர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வரும் குளிர்ச்சியில் தொடங்குவார். அந்தக் காற்றில் விளைந்த பழத்துக்கு ஈடு உண்டா என்பார். பழனி மலை அடிவாரத்தில் இருக்கிற விருப்பாச்சிக்காரர் விட்டுக்கொடுப்பாரா? "பழனி பஞ்சாமிர்தத்தில் சேர்வது எங்க ஊர்ப் பழம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அதில் நியாயம் இருக்கிறது. மலைவாழையில் ஈரப்பசை குறைவு. பழுக்கப் பழுக்கத் தோல் கறுத்துச் சுருங்கும். உள்ளே சதை குழையாமல் கெட்டியாக, தேன்போல் இனிக்கும். பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமலே நாள்பட நிற்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். தோல் கறுத்துவிட்டதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், ருசி அப்போதுதான் கூடும்!

போட்டி இருந்தாலும் இரண்டு ஊருக்கும் பட்ட அடி ஒன்றுதான். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் இரண்டு மலையையும் உலுக்கியது. நோய் கண்ட மரத்தில் இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரம் நல்ல தார் போடாது. காபிச் செடிகளுக்கு நிழலாக நின்ற வாழைகள் எத்தனையோ போயின. அதையும் தாண்டி 2008-ல் சிறுமலைப் பழம், விருப்பாச்சிப் பழம் இரண்டுக்குமே புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், இரண்டிலும் ஒவ்வொரு சீப்பு வாங்கி வாருங்கள்.