பழைய பாய்மரப் படகை விற்கும் முன்

நுழையும்முன்

மரக்கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது கட்டுமரம். அதற்கு உள்ளறை இல்லை. மேலேறிய நீர் கட்டைகளின் இடைவெளி வழியே இறங்கிவிடும். ஆகவே, கட்டுமரத்திற்குக் கசிவைப் பற்றிய கவலையில்லை. உள்ளே காற்று அடைபட்டு மிதக்கும் படகுகளுக்கோ கசிவே முதற்பகை. அதனைக் கண்டறியும் முறையையும் பழைய படகை விற்பவரின் கடமையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒருவர் செலுத்தும் படகு

ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியிலும், மும்பை, சென்னைத் துறைமுகங்களை ஒட்டிய கடலிலும் ஒற்றைப் பாய் விரித்த சிறு படகுகள் விரைவதைக் காணலாம். அவற்றுள் புகழ்பெற்றது லேசர் என்னும் வகை. கனடா நாட்டவரான புரூஸ் கிர்பி வடிவமைத்த இப்படகின் நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 59 கிலோகிராம். 1996ஆம் ஆண்டு முதல் இது ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுள்ளது. பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன் செலுத்தியதும் இவ்வகைப் படகே.

புதிய படகின் விலை மிகுதி. ஆதலால், பயிலத் தொடங்குவோர் பலர் பிறர் பயன்படுத்திய படகையே வாங்குகின்றனர்.

நீர் நுழையும் வழிகள்

லேசர் படகின் மேல்தட்டும் அடிப்பகுதியும் கண்ணாடியிழையால் தனித்தனியே வார்க்கப்பட்டு, விளிம்பில் ஒட்டப்படுகின்றன. நாளடைவில் அவ்வொட்டு விடுபடலாம். பாய்மரம் நிற்கும் குழி, நடுவில் பலகை செருகும் பிளவு, சுக்கானைத் தாங்கும் திருகுகள், பின்புறத் தக்கை ஆகியனவும் நீர் நுழையும் இடங்களாகும்.

வெயிலில் கிடந்த படகினுள் காற்று சூடேறி விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் அக்காற்று சுருங்கும், உள்ளழுத்தம் குறையும். அப்போது மயிரிழை போன்ற விரிசலும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கசிவைத் தேடும் முறை

முதலில் தக்கையைத் திறந்து, படகைச் சாய்த்து, உள்ளே தேங்கிய நீரை வடித்து அளத்தல் வேண்டும். கசிவு உண்டா, அது எவ்வளவு என்பதை அந்த அளவு காட்டும்.

அடுத்து, பாய்மரக் குழியில் நீரை நிரப்பி, நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். சிறிது நேரத்தில் மட்டம் தாழ்ந்தால் குழியில் விரிசல் உண்டு என அறியலாம். காற்றின் விசை முழுவதையும் பாய்மரம் இக்குழிக்கே கடத்துகிறது. எனவே, இங்குள்ள விரிசலைச் சிறிதென ஒதுக்கலாகாது. பலத்த காற்றில் பாய்மரம் மேல்தட்டைப் பிளந்துகொண்டு சாயக்கூடும்.

மூன்றாவது, சோப்பு நீர்ச் சோதனை. தக்கையை மூடி, காற்று வெளியேற வைத்துள்ள நுண்துளை வழியே வாயால் மெல்ல ஊதுதல் வேண்டும். மற்றொருவர் ஒட்டுகளின் மீதும் திருகுகளின் மீதும் தூரிகையால் சோப்பு நீரைத் தடவ, குமிழி எழும் இடமே கசிவிடம். சக்கரத்திற்குக் காற்றடைக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது; மிகையழுத்தத்தால் நல்ல ஒட்டும் விட்டுப்போகும்.

திருகின் அடியில் கசிந்தால், திருகைக் கழற்றித் துளையை உலர்த்தி, நீர்புகாப் பசை இட்டு மீண்டும் முடுக்கலாம். விரிசலாயின், அவ்விடத்தைத் தேய்த்து உலர்த்திக் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் கொண்டு அடைத்தல் வேண்டும். ஈரத்தின் மீது இட்ட பிசின் நிலைப்பதில்லை. மேலே வண்ணம் பூசுவது விரிசலை மறைக்குமேயன்றி மாற்றாது.

விற்பவரின் கடமை

படகினுள் புகுந்த நீர் ஓரிடத்தில் நில்லாது. படகு சாயும்போது அந்நீரும் தாழ்ந்த பக்கமே ஓடி, மேலும் சாய்க்கும். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும் அரிதாகும். வாங்குபவரோ பெரும்பாலும் புதிதாகப் பயில்பவர். கரையிலிருந்து தொலைவில், படகில் தனியாக இருப்பவர். ஆகவே, மறைக்கப்பட்ட கசிவு பணத்தை மட்டுமன்றி உயிரையும் இழக்கச் செய்யலாம்.

படகின் எண், வயது, கசிந்த இடம், பழுதுபார்த்த முறை, உடன் தரும் பொருள்கள் ஆகியவற்றை விற்பவர் எழுதித் தருதல் நன்று. பின்னர் வாங்குபவர் முன்னிலையில் படகை அரைமணி நேரம் நீரில் செலுத்தி, கரையேற்றித் தக்கையைத் திறந்து காட்டலாம். கசிவைச் சொன்னால் விலை சற்றுக் குறையும். ஆயினும், வாங்குபவர் எதனைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதை அறிந்தே நீரில் இறங்குவார்.

சொல்லும் பொருளும்

சுக்கான் – படகைத் திருப்பும் கருவி
தக்கை – துளையை மூடும் அடைப்பு
பிசின் – ஒட்டும் தன்மையுள்ள பொருள்

பயிற்சி

1. கட்டுமரத்திற்குக் கசிவைப் பற்றிய கவலை இல்லாதது ஏன்?
2. வெயிலில் கிடந்த படகை நீரில் இறக்கியதும் நிகழ்வது யாது?
3. பிரித்து எழுதுக: மரக்கலம், உள்ளழுத்தம், கசிவிடம்.
4. 'ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி' என்னும் பழமொழியின் பொருளை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.
5. நீங்கள் பயன்படுத்திய மிதிவண்டியை விற்பதாகக் கொண்டு, அதன் குறைகளையும் குறிப்பிட்டு ஐந்து வரிகளில் ஓர் அறிவிப்பு எழுதுக.