கம்ப்யூட்டர் சொன்ன 500 கேலன் வினிகர்!

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துபவருக்குப் பெரிய செலவே தீவனம்தான். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல், தாது உப்பு... எதை எவ்வளவு கலந்தால் சத்தும் குறையாது, காசும் மிச்சமாகும்? இதற்கு விடை சொல்ல மேலாண்மை அறிவியலில் ஒரு கருவி உண்டு. பெயர், 'லீனியர் புரோகிராமிங்'.

இது முதலில் மனிதச் சாப்பாட்டுக்குப் போட்ட கணக்கு. ஒருவர் ஓர் ஆண்டு முழுக்க மிகக் குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிட என்ன வேண்டும் என்று, 77 உணவுகளை வைத்து 1945-ல் கணக்கிட்டார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர். விடை, 39.93 டாலர். 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக் கண்டுபிடித்த புது முறையில் ஒன்பது பேர் உட்கார்ந்து மறுபடி போட்டார்கள். 39.69 டாலர் வந்தது. அத்தனை பேர் உழைப்புக்கு மிச்சம் 24 சென்ட்!

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. எடையைக் குறைக்க நினைத்த டான்ட்ஸிக், தன் உணவையே கம்ப்யூட்டரிடம் கேட்டார். 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை நீக்கிவிட்டுக் கேட்டால், தினம் 200 சூப் கட்டிகள்! கணக்கில் பிழையில்லை. மனுஷன் இவ்வளவுதான் தாங்குவான் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோழித் தீவனத்திலும் இதே சிக்கல் வரும். கணக்கு மலிவான சோளத்தைத்தான் பிடிக்கும். அந்த மூட்டையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தால்? அஃப்ளாடாக்சின் நச்சு கோழியின் ஈரலைத் தாக்கும், முட்டை குறையும். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். அதனால் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் அனுபவஸ்தரும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கவே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

தீவனத்திலாவது கருவி பாதி வேலையை ஒழுங்காகச் செய்கிறது. விலை விஷயத்தில் அதுவும் இல்லை. இன்று குஞ்சு விட்டால் முட்டை வர சுமார் ஐந்து மாதம். அன்றைய விலையை எந்தச் சூத்திரம் சொல்லும்? 2006-ல் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிராவின் நவாபூரில். அடி விழுந்தது நாமக்கல் முட்டை வியாபாரத்திலும். வாங்க ஆளில்லை என்று கோழி முட்டையிடுவதை நிறுத்துமா என்ன?

விலையை வியாபாரிகளே வைத்துக்கொண்டிருந்த நிலையும் கணக்கால் மாறவில்லை. 1982-ல் பி.வி.ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். பண்ணையாளர்கள் கூடிப் பேசி, தாங்களே விலை அறிவிக்கத் தொடங்கினார்கள்.