கூரை ஒழுகும் முன்னர்...

வடக்கு, கிழக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான பருவத்திலேயே பெய்கிறது. வீட்டுப் பழுதுகள் வெளியே தெரிவதும் அப்போதுதான். கையில் காசில்லாத குடும்பம் நகையை அடகு வைக்கிறது. திருத்தம் ஒரு நாளில் முடிந்தாலும் வட்டி மாதக்கணக்கில் தொடர்கிறது.

எல்லாப் பழுதும் ஒரே அளவு அவசரமானதல்ல. ஈரச் சுவரில் மின்கசிவு, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுதல் ஆகியன உயிராபத்தானவை. அன்றே மின்னியலாளரை அழைக்க வேண்டும். விலகிய ஓடு, நாளாக நாளாகச் செலவைக் கூட்டும் பழுது. இன்று ஓரிரு ஓடுகளுடன் முடிவது, கவனிக்காமல் விட்டால் சிலாகையையும் வளையையும் உக்கச் செய்துவிடும். நிறம் மங்கிய சுவர் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம்.

2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அதன் பின் பணவீக்கம் குறைந்தாலும் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே மாதம் 1,000 ரூபாவையேனும் திருத்தத்துக்கெனத் தனியாக ஒதுக்குவது நல்லது. வருடத்தில் சேரும் 12,000 ரூபா ஓரிரு நாள் கூலிக்காவது உதவும். அடகுத் தொகையும் அந்தளவுக்குக் குறையும்.

அதற்காகப் பிள்ளைகளின் பால்மாவையோ இரவு மின்விசிறியையோ நிறுத்த வேண்டியதில்லை. அன்றாட வசதிகளை முற்றாக வெட்டிச் சேமிக்கும் பழக்கம் நீடிப்பது கடினம். புரட்டாதியிலேயே கூரையை ஒருமுறை பார்த்துவிடுவது, கார்த்திகையில் வரும் பெருஞ்செலவைத் தவிர்க்க உதவும்.