கோட்டை, கோவில், மலை எல்லாம் சரி... டிரைவர் தூங்குவது எப்போது?

பெரம்பூர் குடும்பத்தில் நடந்த "வேன்" பஞ்சாயத்து

ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் நீல மையில் ஒரு பட்டியல்.

"வெள்ளி இரவு 11 மணி புறப்பாடு. 3 மணி திருவண்ணாமலை. குளியல், தரிசனம். 11 மணி செஞ்சிக் கோட்டை. இரவு 9 மணி ஏலகிரி. ஞாயிறு மதியம் வேலூர் கோட்டை. இரவு வீடு. திங்கள் ரெஸ்ட்."

பெரம்பூரில் குடியிருக்கும் அரசாங்க குமாஸ்தா ஒருவர் போட்ட பிளான் இது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வருகிறது. அம்மா, மனைவி, பிள்ளைகள், வில்லிவாக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் தங்கை கணவரின் குடும்பம் என்று மொத்தம் 11 பேர். ஒரு வேன் போதும்.

பட்டியலை வாங்கிய வேன் டிரைவர் இரண்டு தடவை படித்தார். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி சார். நான் எப்போ தூங்குறது?"

குமாஸ்தாவுக்கு பதில் வரவில்லை.

22 மணி நேரம்!

வெள்ளி இரவு 11-ல் இருந்து சனி இரவு 9 வரை கணக்குப் போட்டால் 22 மணி நேரம். இது போதாது என்று, வெள்ளிக்கிழமை பகலில் அதே டிரைவருக்கு ஒரு கல்யாண டிரிப் இருக்கிறது.

"நாங்க சாமி கும்பிடுறப்போ நீங்க வண்டியிலேயே தூங்கிக்கலாமே?" என்றார் குமாஸ்தா.

"பார்க்கிங்கில் மணிக்கு ஒரு தடவை வந்து வண்டியை நகர்த்தச் சொல்லித் தட்டுவாங்க சார். வெயிலில் வேனுக்குள்ளே படுத்தா இட்லி மாதிரி வெந்து போயிடுவேன்" என்றார் டிரைவர்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு. இப்படி அதில் எழுதியிருந்தது. வேன் பிடிக்கும் வீடுகளில் இதை யார் படித்தார்கள்? ஸ்டியரிங் பிடிப்பவர்களே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

செல்போன் மேப்பைக் காட்டி, "மொத்தமே 500 கிலோமீட்டர் சொச்சம்தானே" என்று வாதாடினார் தங்கை கணவர். மேப்புக்குத் தூக்கம் வராது. கொட்டாவியும் வராது.

விடியற்கால விபத்து

பட்டியலில் உள்ள ஏலகிரி மலைக்குக் கிட்டத்தில் இருப்பது நாட்டறம்பள்ளி. பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 11-ந் தேதி அதிகாலையில் அங்கே நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள்.

ஆம்பூர் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கர்நாடகாவுக்கு சுற்றுலா போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தனர். வழியில் டயர் பஞ்சர். வேனை ரோட்டிலேயே நிறுத்தினார்கள். இறங்கிய பெண்கள் வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேன் மீது பயங்கரமாக மோதியது. அந்த வேகத்தில் வேன் அவர்கள் மீதே பாய்ந்தது. 7 பெண்கள் பரிதாபமாக இறந்தனர். வீடு போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம்தான்!

"வண்டி நின்னுட்டா ஒருத்தரும் ரோட்டிலே உட்காரக்கூடாது. முன்னாலேயும் வேண்டாம், பின்னாலேயும் வேண்டாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடணும்" என்று குழந்தைகளைப் பார்த்துச் சொன்னார் டிரைவர். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன் வாயை மூடிக்கொண்டான்.

திருவண்ணாமலையில் இருந்து ஏலகிரிக்குப் போகிற வழியில் இருப்பது செங்கம். அதே 2023-ல் அக்டோபர் மாதம், பத்து நாள் இடைவெளிக்குள் அந்தப் பக்கத்தில் இரண்டு விபத்துகள். மொத்தம் 14 பேர் பலி. அந்த ரோட்டில் இருட்டிய பிறகு போவதாகத்தான் குமாஸ்தாவின் தாளில் இருந்தது.

செஞ்சியைத் தாண்டி, செஞ்சிக்குத் திரும்பி...

பிளானில் இன்னொரு கூத்து. சென்னையில் இருந்து திண்டிவனம் வழியாகப் போனால் செஞ்சியைத் தாண்டித்தான் திருவண்ணாமலை. இரண்டு ஊருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நள்ளிரவில் கோட்டையைக் கடந்து போய், விடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்துவிட்டு, மறுபடியும் வந்த வழியே திருவண்ணாமலை! டீசலுக்கும் கேடு, டிரைவருக்கும் கேடு.

அதுவும் பகல் 11 மணிக்கு செஞ்சி! மொட்டைப் பாறை. ராஜகிரி உச்சிக்கு ஏறுவதென்றால் வெயிலுக்கு முன்பே பாதி ஏறிவிட வேண்டும். பிற்பகல் தாண்டிப் போனால் உச்சிக்கு ஏற விடுவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-ல் சிவாஜி பிடித்தார். பிறகு வந்த மொகலாயப் படை ஏழு வருடத்துக்கு மேல் வெளியே கிடந்து, 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. ராஜா தேசிங்கு 1714-ல் சண்டையில் உயிர்விட்டது இந்தக் கோட்டைக்காகத்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பிடித்தது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த 12-ல் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

ஏழு வருட முற்றுகை போட்ட இடத்தை நம் குமாஸ்தா ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தார்!

வேலூரிலும் இதே கதை. ஞாயிறு மதியம் போய் இறங்கினால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவில் நடை சாத்தியிருக்கும். ஏறக்குறைய 400 வருடம் மூலவர் இல்லாமல் கிடந்த கோவில் அது. 1981 மார்ச்சில்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வளவு காலம் காத்திருந்த சாமியைப் பார்க்க, மதியம் நடை சாத்தும் நேரமாகப் பார்த்தா போவது?

1806 ஜூலை 10-ந் தேதி விடிவதற்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியது அந்தக் கோட்டையில்தான். புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி கூடாது, தாடி வைக்காதே என்று வெள்ளைக்காரன் போட்ட உத்தரவுதான் அவர்களுக்கு ஆத்திரமூட்டியது. சேதி தெரிந்து ஆற்காட்டில் இருந்து குதிரைப்படை ஓடி வந்து கலகத்தை அடக்கியது. ஏலகிரியில் இருந்து சென்னைக்குத் திரும்பும் வேன் அதே வேலூர் - ஆற்காடு பாதையில்தான் வரும். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன் சிறை இருந்து 1832-ல் இறந்ததும் வேலூரில்தான். கோட்டையில் உள்ள தொல்பொருள் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

"வெள்ளை போர்டு" ஆசை

இந்த சமயத்தில்தான் தங்கை கணவர் ஒரு யோசனையை எடுத்துவிட்டார். "மச்சான், எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். வெள்ளை போர்டு வேன். மூவாயிரம் குறைச்சு வாங்கிக்குவான். ராத்திரி பூரா ஓட்டுவான், ஒரு பேச்சு பேச மாட்டான்."

வெள்ளை நம்பர் பிளேட் என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் வாடகை வண்டி. வழியில் ஆர்.டி.ஓ. பிடித்தால் வேன் அங்கேயே நின்றுவிடும். 11 பேரும் மூட்டை முடிச்சோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டியதுதான். விபத்து என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். "வாடகைக்கு ஓட்டினாயா?" என்று கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். மூவாயிரம் மிச்சம் பிடித்த கதை கோர்ட்டு வாசலில் போய் நிற்கும்.

பேசாமல் ராத்திரி பூரா ஓட்டுகிற பையனை நினைத்துத்தான் குமாஸ்தாவின் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் மகனைப் பார்த்தார்.

"ஏண்டா, திங்கக்கிழமை நீ தூங்க ஒரு நாள் பூரா எழுதி வச்சிருக்கியே. ஓட்டுற தம்பிக்கு ஒரு ராத்திரி எழுத உனக்கு மை இல்லையா?"

அவ்வளவுதான். புதுத் தாள் வந்தது.

புது பட்டியல்

வெள்ளி இரவு எல்லோரும் வீட்டில் தூக்கம். சனி விடியற்காலை 4.30-க்குப் புறப்பாடு. கோட்டை திறக்கிற நேரத்துக்கு செஞ்சி. இளவட்டங்கள் ராஜகிரி ஏறலாம். அம்மா கீழே கல்யாண மகாலோடு சரி. மதியம் திருவண்ணாமலை லாட்ஜ். சாயங்காலம் நடை திறந்ததும் 217 அடி ராஜகோபுரத்தின் கீழே நிதானமாக நடந்து போய் தரிசனம். அன்று பவுர்ணமி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்கள். இருந்தால் கிரிவலக் கூட்டத்தில் வேன் ஊருக்குள்ளேயே நுழைய முடியாது.

ஞாயிறு காலை பகல் வெளிச்சத்தில் செங்கம், திருப்பத்தூர் வழியாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், திருவள்ளுவர் என்று வளைவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்க வேண்டும். "இறக்கத்திலே பிரேக்கை நம்பக்கூடாது சார். மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காம போயிடும்" என்றார் டிரைவர்.

ஞாயிறு இரவு மலையிலேயே தங்கல். திங்கள் காலை இறங்கி, நடை சாத்தும் முன்பு வேலூர். இருட்டும் முன்பு பெரம்பூர். "ரெஸ்ட்" அடிக்கப்பட்டது.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். 2024 மே 7-ந் தேதியில் இருந்து அது கட்டாயம்.

கூடுதலாக ஒரு ராத்திரி லாட்ஜ் செலவு, டிரைவர் பேட்டா. தங்கை கணவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

டிரைவருக்கு ஒரு பாய்

ஏலகிரியில் லாட்ஜ் பிடிக்க குமாஸ்தா போன் போட்டார். முதல் இரண்டு இடத்தில், "டிரைவருக்குத் தனியா இடம் இல்லீங்க. வண்டியிலே படுத்துக்குவாங்க" என்று பதில். ஓட்டல், லாட்ஜுகளில் டிரைவர்கள் படுக்க இடமும் கழிவறையும் கட்ட வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டிட விதியையே திருத்தியிருக்கிறது. பழைய லாட்ஜுகளில் இதைக் கேட்டால் விழிக்கிறார்கள். மூன்றாவது இடத்தில், "ஹால் இருக்கு, பாய் தலையணை தர்றோம்" என்றார்கள். அதையே பிடித்தார்.

வீட்டைப் பூட்டிப் போகும் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது, பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்துவது இரண்டும் மனைவியின் பொறுப்பு. வாசலில் மூன்று நாள் பேப்பர் கிடந்தால், பூட்டு உடைக்கிறவனுக்கு வேறு துப்பு வேண்டாம்.

அட்வான்ஸ் இரண்டாயிரம் கைமாறியது. செருப்பை மாட்டிக்கொண்டே டிரைவர் சொன்னார்:

"அந்த வெள்ளிக்கிழமை கல்யாண டிரிப்புக்கு வேற ஆளைப் போடச் சொல்லி ஓனர்கிட்டே நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டார்."

குமாஸ்தா அன்றைக்கே ஓனரிடம் பேசிவிட்டார். "பார்க்கிறேன்" என்றாராம் ஓனர்.